பழைய ரவுட்டர் ஒன்றை வைத்து ரவுட்டிங் கற்பது எப்படி? கடலூர், புதுச்சேரிப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நெட்வொர்க் வேலைக்குப் போக ஆசைப்படுகிற பிள்ளைகள் கடலூரிலும் புதுச்சேரியிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். டிப்ளமோ முடித்தவர்கள், பி.எஸ்சி. முடித்தவர்கள், ஏற்கெனவே பைபர் கேபிள் இழுக்கும் வேலையில் இருப்பவர்கள் என்று பல வகை. எல்லாரும் தட்டுத் தடுமாறுகிற இடம் ஒன்றுதான். ரவுட்டிங்கை (தகவல் துண்டுகளான பாக்கெட்டுகளுக்கு வழி தேர்ந்தெடுப்பதை) ஒரு பாடமாகவும், ரவுட்டரின் மெமரியை வேறொரு பாடமாகவும் மனப்பாடம் செய்கிறார்கள். ரவுட்டிங் டேபிள் (எந்த முகவரிக்கு எந்த வழி என்ற பட்டியல்) எந்த மெமரியில் உட்கார்ந்திருக்கிறது, கரண்ட் போனால் அது என்ன ஆகும் என்று கேட்டால் பதில் வருவதில்லை. நானும் இந்தக் குழப்பத்தோடு நீண்ட நாள் அல்லாடியவன்தான். இந்த இரண்டையும் சேர்த்து, கையில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு படித்தால் பாதிப் பாடம் தானாகவே புரிந்துவிடும். என்ன வாங்குவது, எவ்வளவு ஆகும், எங்கே ஏமாறுவோம் என்பதை வரிசையாக எழுதுகிறேன்.

கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். ரவுட்டரில் அடிக்கும்போது ஆங்கில எழுத்துகளில் அடியுங்கள்.

1. முதல் மாதம் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள்

சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் மென்பொருள் இலவசம். நெட்வொர்க்கிங் அகாடமி தளத்தில் ஒரு கணக்கு தொடங்கினால் போதும், பதிவிறக்கிக்கொள்ளலாம். சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும். அதில் 1841, 2911 போன்ற ரவுட்டர்களைத் திரையில் இழுத்துப் போட்டு, கம்பி இணைத்து, கட்டளை அடித்துப் பழகலாம்.

ஐபி முகவரி, சப்நெட் கணக்கு (முகவரிகளைச் சிறு குழுக்களாகப் பிரிக்கும் கணக்கு) இரண்டும் இந்த மாதத்திலேயே கைக்கு வந்துவிட வேண்டும். 10.0.0.0/30 என்றால் மொத்தம் நான்கு முகவரி, அதில் இயந்திரங்களுக்குக் கொடுக்க முடிந்தது இரண்டே இரண்டு என்று யோசிக்காமல் சொல்ல முடிகிறதா? அப்படியானால் அடுத்த படிக்குப் போங்கள். இல்லையென்றால் ரவுட்டர் வாங்கினாலும் அது மேசையில் தூசி படிந்துதான் கிடக்கும்.

பிறகு எதற்கு நிஜ ரவுட்டர் என்று கேட்கலாம். கன்சோல் கேபிள் (லேப்டாப்பிலிருந்து ரவுட்டருக்குக் கட்டளை கொடுக்கும் கேபிள்) வேலை செய்யாமல் போவது, மெமரி கார்டு சரியாக உட்காராமல் இருப்பது, பாஸ்வேர்ட் தெரியாத பெட்டி கைக்கு வருவது, இவையெல்லாம் திரையில் வராது. வேலையில் முதல் நாளே வரும்.

2. ரவுட்டர் வாங்குவது: என்ன பார்க்க வேண்டும், எதைக் கேட்டு வாங்க வேண்டும்

சிஸ்கோ 1841, 2811, 1941 ஆகிய மூன்றில் எது கிடைத்தாலும் சரி. நிறுவனம் இவற்றை விற்பதை எப்போதோ நிறுத்திவிட்டதால் வங்கிக் கிளைகளிலும் அலுவலகங்களிலும் கழித்துக்கட்டிய பெட்டிகள்தான் சந்தைக்கு வருகின்றன. நம் பக்கத்தில் தேடிப்பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் சென்னை ரிச்சி தெருதான். ஒரு பெட்டி சில ஆயிரம் ரூபாய்க்குள் அமைய வேண்டும். அதற்கு மேல் சொன்னால் அடுத்த கடையைப் பாருங்கள். முடிந்தால் இரண்டு பெட்டி வாங்குங்கள். ஒரே ஒரு ரவுட்டரை வைத்து மெமரி படிக்கலாம், ரவுட்டிங் படிக்க இரண்டு வேண்டும். நண்பர் ஒருவரோடு சேர்ந்து ஆளுக்கு ஒன்று வாங்குவது நல்ல வழி.

கடையை விட்டு வெளியே வரும் முன் அங்கேயே பவர் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் லேப்டாப்பையும் கன்சோல் கேபிளையும் எடுத்துப் போங்கள். பார்க்க வேண்டியவை:

பிளாஷ் கார்டு உள்ளே இருக்கிறதா? இந்த மாடல்களில் காம்பாக்ட் பிளாஷ் கார்டு ஒன்று செருகியிருக்கும். அதில்தான் ரவுட்டரின் இயங்குதளமான ஐஓஎஸ் இருக்கிறது. கார்டை மட்டும் உருவித் தனியாக விற்றுவிடுகிறார்கள். கார்டு இல்லாத பெட்டி பவர் போட்டால் விளக்கு எரியும், விசிறி சுற்றும், மற்றபடி ரவுட்டராக வேலை செய்யாது. ஐஓஎஸ் கோப்பை நிறுவனத்திடமிருந்து இறக்க சேவை ஒப்பந்தம் வேண்டும். கண்ட தளங்களிலிருந்து இறக்குவது சட்டத்துக்கும் புறம்பு, ஆபத்தும்கூட. ஆகவே ஐஓஎஸ் உள்ள கார்டோடு சேர்த்துத்தான் வாங்க வேண்டும்.

பவர் கேபிள், போர்ட்டுகளின் உட்பக்கம் இரண்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கடற்கரை ஊரில் இருந்த பெட்டி என்றால் செப்புக் கம்பிகளில் பச்சை பூத்திருக்கும். கடலூர் முதுநகர், முத்தியால்பேட்டை மாதிரி கடலை ஒட்டி உள்ளவர்கள் வாங்கி வந்த பிறகும் பயன்படுத்தாத போர்ட்டுகளை மூடியே வையுங்கள்.

பில் கட்டாயம். அதில் சீரியல் எண்ணை எழுதி வாங்குங்கள். பெட்டியின் மேல் ஒட்டிய எண்ணும், ஷோ வெர்ஷன் கட்டளையில் பிராசசர் போர்டு ஐடி என்று வருகிற எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். கழித்த பெட்டி என்ற பெயரில் களவுப் பொருள் கைமாறவும் வாய்ப்பு உண்டு. பில் இல்லாமல் விலை குறைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

3. கன்சோல் கேபிள்

இதில்தான் பலருடைய முதல் வாரம் வீணாகிறது. புது லேப்டாப்புகளில் பழைய சீரியல் போர்ட் கிடையாது. ஒரு முனையில் யுஎஸ்பி, மறுமுனையில் ஆர்ஜே 45 உள்ள ஒரே துண்டுக் கேபிளாக வாங்குங்கள். உள்ளே எப்டிடிஐ சில்லு இருக்கிறதா என்று கேளுங்கள். ஐநூறிலிருந்து ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். மலிவான போலிச் சில்லுக் கேபிள்களை விண்டோஸ் டிரைவர் ஏற்க மறுக்கும். ரவுட்டர்தான் பழுது என்று நினைத்துப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

புட்டி மென்பொருளில் (கன்சோல் வழியாகக் கட்டளை அடிக்கும் சாளரம்) சீரியல் என்பதைத் தேர்ந்தெடுத்து வேகம் 9600, டேட்டா பிட் 8, பேரிட்டி இல்லை, ஸ்டாப் பிட் 1, ப்ளோ கன்ட்ரோல் இல்லை என்று வையுங்கள். ப்ளோ கன்ட்ரோலை மாற்றாமல் விட்டால் எழுத்து திரையில் வரும், நீங்கள் அடிப்பது மட்டும் போகாமல் இருக்கலாம். திரையில் குப்பை எழுத்துகள் வந்தால் வேகம் தவறு என்று பொருள்.

4. நான்கு மெமரியும் அவற்றின் வேலையும்

பவர் போட்டுவிட்டுத் திரையை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். நான்கு மெமரியும் வரிசையாக வேலை செய்வதை அந்த ஓரிரு நிமிடத்தில் நேரிலேயே பார்க்கலாம்.

முதலில் விழிப்பது ராம் அல்ல, ரோம். வன்பொருளைச் சோதித்துப் பார்க்கும் நிரலும், பூட்ஸ்டிராப் என்ற தொடக்க நிரலும், ஐஓஎஸ் கிடைக்காதபோது கைகொடுக்கும் ரோம்மான் என்ற சிறு சூழலும் இதில் நிரந்தரமாகப் பதிந்திருக்கின்றன.

அடுத்து பூட்ஸ்டிராப் பிளாஷ் கார்டில் உள்ள ஐஓஎஸ் கோப்பைத் தேடி எடுக்கும். கோப்பின் பெயரில் எம்இசட் என்று இரண்டு எழுத்து இருப்பதைக் கவனியுங்கள். எம் என்றால் ராமிலிருந்து ஓடும், இசட் என்றால் சுருக்கி வைக்கப்பட்டிருக்கிறது. திரை முழுக்க ஹேஷ் குறிகளாக ஓடுகிறதே, அதுதான் சுருக்கத்தைப் பிரித்து ராமில் கொட்டும் வேலை.

ஐஓஎஸ் ராமில் ஏறிய பிறகு என்விராமைத் திறந்து பார்க்கும். சேமித்து வைத்த ஸ்டார்ட்அப் கான்பிக் (நாம் கொடுத்த அமைப்புகளின் கோப்பு) அங்கேதான் இருக்கிறது. இருந்தால் அதை ராமுக்கு நகலெடுத்து ரன்னிங் கான்பிக் ஆக்கிக்கொள்ளும். இல்லையென்றால் அமைப்பை ஆரம்பிக்கலாமா என்று கேட்கும். 'நோ' என்று அடித்து வெளியே வந்துவிடுங்கள். அந்தக் கேள்வி பதில் முறையில் எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

ஆக, கரண்ட் போனாலும் நிலைப்பவை ரோம், பிளாஷ், என்விராம். கரண்ட் போனதும் துடைத்துக்கொண்டு போவது ராம். ரன்னிங் கான்பிக், ரவுட்டிங் டேபிள், ஏஆர்பி டேபிள் (ஐபி முகவரிக்கு உரிய வன்பொருள் முகவரிகளின் பட்டியல்), வரிசையில் காத்திருக்கும் பாக்கெட்டுகள் எல்லாம் ராமில்தான். நீங்கள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து அடித்த கட்டளைகளும் அதில்தான். காப்பி ரன்னிங் கான்பிக் ஸ்டார்ட்அப் கான்பிக் என்று அடிக்கும்வரை அவை எங்கேயும் எழுதப்படவில்லை. நம் ஊர்க் கரண்ட் நிலவரம் உங்களுக்கே தெரியும். ஒவ்வொரு சிறு பகுதி முடிந்ததும் சேமியுங்கள். 600 விஏ யுபிஎஸ் ஒன்று இருந்தால் இரண்டு சிறிய ரவுட்டருக்குத் தாங்கும்.

இப்போது ஷோ வெர்ஷன் அடியுங்கள். ஒரு 1841 பெட்டியில் இப்படி ஒரு வரி வரும்: 116736கே/14336கே பைட்ஸ் ஆஃப் மெமரி. இந்த இரண்டையும் கூட்டுங்கள். 131072கே, அதாவது சரியாக 128 எம்பி. இதுதான் மொத்த ராம். முதல் எண் பிராசசர் வேலைக்கு, இரண்டாவது பாக்கெட்டுகளைத் தற்காலிகமாகத் தாங்கி வைக்க. முதல் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு ராம் குறைகிறது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அதற்குக் கீழே 191கே என்விராம் என்று வரும். கான்பிக் வெறும் எழுத்துக் கோப்புதானே, அதற்கு அவ்வளவு போதும். அடுத்த வரியில் காம்பாக்ட் பிளாஷின் அளவு.

இந்த இடத்தில் ஒரு பெரிய எச்சரிக்கை. கான்பிகை அழிக்க வேண்டிய கட்டளை இரேஸ் ஸ்டார்ட்அப் கான்பிக். இரேஸ் பிளாஷ் என்று அடித்தால் ஐஓஎஸ் போய்விடும். அப்படி யாராவது அடித்துவிட்டால் முதல் வேலை, பவரை அணைக்காமல் இருப்பது. ஐஓஎஸ் ராமில் ஓடிக்கொண்டிருப்பதால் பிளாஷ் காலியான பிறகும் ரவுட்டர் எதுவும் நடக்காதது போல வேலை செய்யும். அந்த நேரத்துக்குள் டிஎப்டிபி (நெட்வொர்க் வழியாகக் கோப்பு அனுப்பும் எளிய முறை) மூலம் கோப்பைத் திரும்ப ஏற்றிவிடலாம். அணைத்துவிட்டால் ரோம்மானில்தான் எழும். இதற்காகத்தான் வாங்கிய அன்றே கார்டைக் கார்டு ரீடரில் போட்டு ஐஓஎஸ் கோப்பை லேப்டாப்பில் நகலெடுத்து வைக்கச் சொல்கிறேன்.

5. ஷோ வெர்ஷனின் கடைசி வரி

கடைசி வரியில் கான்பிகரேஷன் ரெஜிஸ்டர் என்று ஓர் எண் இருக்கும். முன்னால் சுழியமும் எக்ஸும் வந்து 2102 என்று இருந்தால் எல்லாம் சரி. 2142 என்று இருந்தால் அந்த ரவுட்டர் ஒவ்வொரு முறையும் என்விராமைப் பார்க்காமலே எழும்.

எனக்குப் பெட்டி விற்றவர் பழைய பாஸ்வேர்டைத் தாண்டுவதற்காக 2142 என்று மாற்றியவர் திரும்ப மாற்றவில்லை. நான் சேமிப்பேன், ரீலோட் செய்வேன், எல்லாம் காணாமல் போகும். ஷோ ஸ்டார்ட்அப் கான்பிக் பார்த்தால் சேமித்தது அப்படியே இருக்கும். மெமரி பழுது என்று நினைக்கத் தோன்றும். பழுது எதுவும் இல்லை. கான்பிகரேஷன் மோடில் போய் கான்பிக் ரெஜிஸ்டர் எண்ணை 2102 ஆக்கி, ரன்னிங் கான்பிகைச் சேமிக்காமலே ரீலோட் செய்தால் தீர்ந்தது. பழைய ரவுட்டர் வாங்கும் எல்லாரும் முதலில் இந்த ஒரு வரியைப் பாருங்கள்.

பாஸ்வேர்ட் தெரியாத பெட்டி கைக்கு வந்தால் வழி இதுதான். பவர் போட்ட 60 விநாடிக்குள் பிரேக் சமிக்ஞை கொடுத்தால் ரோம்மானுக்குள் போகும். பல லேப்டாப்புகளில் பிரேக் விசையே இருக்காது. புட்டி சாளரத்தின் தலைப்பட்டையில் வலது கிளிக் செய்து ஸ்பெஷல் கமாண்ட் பட்டியலில் பிரேக்கைத் தேர்ந்தெடுங்கள். அதுவும் எடுக்கவில்லையா? பவரை அணைத்து, பிளாஷ் கார்டை வெளியே எடுத்துவிட்டுப் போடுங்கள். ஐஓஎஸ் கிடைக்காமல் ரோம்மானில் தானே வந்து நிற்கும். அங்கே கான்ப்ரெக் கட்டளையில் எண்ணை 2142 ஆக்கி, கார்டைத் திரும்பச் செருகி, ரீசெட் கொடுங்கள். உள்ளே போனதும் பழைய கான்பிகை அழித்துவிடுங்கள். யாரோ ஒரு நிறுவனத்தின் முகவரிகளும் பாஸ்வேர்டுகளும் அதில் இருக்கும், நமக்கு அவை வேண்டாம். எண்ணை மறக்காமல் 2102க்குக் கொண்டுவாருங்கள்.

வேலை இடத்தில் பழைய கான்பிகைக் காப்பாற்ற வேண்டிய நிலை வந்தால், ஸ்டார்ட்அப்பை ரன்னிங்குக்கு நகலெடுத்த பிறகு இன்டர்பேஸ் (நெட்வொர்க் கேபிள் செருகும் போர்ட்) எல்லாம் அணைந்தே கிடக்கும். ஒவ்வொன்றிலும் நோ ஷட்டவுன் கொடுக்க வேண்டும். இன்னொன்று, ரன்னிங்குக்கு நகலெடுப்பது பழையதை நீக்கிவிட்டுப் புதியதை வைப்பதல்ல. இருப்பதோடு கலக்கும். நேர்முகத் தேர்வில் இதைக் கேட்கிறார்கள்.

6. ரவுட்டிங் டேபிளைப் படிக்கப் பழகுங்கள்

ஷோ ஐபி ரவுட் என்ற கட்டளையை விரல் தானாக அடிக்கும்வரை பழகுங்கள். ஒவ்வொரு வரியின் முதல் எழுத்து, அந்த வழி எப்படித் தெரிய வந்தது என்று சொல்லும். சி என்றால் நேரடியாக இணைந்தது, எஸ் என்றால் நாம் கையால் எழுதியது, ஓ என்றால் ஓஎஸ்பிஎப் (ரவுட்டர்கள் தங்களுக்குள் வழிகளைச் சொல்லிக்கொள்ளும் ஒரு நெறிமுறை) கற்றுக்கொண்டது. ஐஓஎஸ் 15இல் எல் என்ற வரியும் வரும், அது அந்த இன்டர்பேஸின் சொந்த முகவரி. 12.4இல் அந்த வரி இருக்காது, பயப்பட வேண்டாம்.

சதுர அடைப்புக்குள் 1/0 என்றோ 110/2 என்றோ இருக்கும். முதல் எண் அட்மினிஸ்டிரேட்டிவ் டிஸ்டன்ஸ், அந்தத் தகவலை எவ்வளவு நம்பலாம் என்பதற்கான மதிப்பு. குறைவாக இருந்தால் நம்பிக்கை அதிகம். நேரடி இணைப்புக்கு 0, ஸ்டாட்டிக்குக்கு 1, வெளி பிஜிபிக்கு 20, ஈஐஜிஆர்பிக்கு 90, ஓஎஸ்பிஎப்புக்கு 110, ஆர்ஐபிக்கு 120 (பிஜிபி, ஈஐஜிஆர்பி, ஆர்ஐபி மூன்றும் அதே வகை நெறிமுறைகள்). இரண்டாவது எண் மெட்ரிக், அந்த நெறிமுறை போடும் தூரக் கணக்கு.

பலர் இந்தப் பட்டியலை ஒப்பித்துவிட்டு, ஸ்டாட்டிக் எப்போதும் ஓஎஸ்பிஎப்பை வெல்லும் என்று சொல்லி நேர்முகத் தேர்வில் தோற்கிறார்கள். பாக்கெட் வந்ததும் ரவுட்டர் முதலில் பார்ப்பது டிஸ்டன்ஸை அல்ல, எந்த வரி முகவரியோடு அதிக நீளத்துக்குப் பொருந்துகிறது என்பதை. கடலூர் பேருந்து நிலையத்தில் பாகூர் போக நிற்கிறீர்கள். புதுச்சேரி என்று போர்டு போட்ட வண்டியும் பாகூர் என்று போர்டு போட்ட வண்டியும் நின்றால் எதில் ஏறுவீர்கள்? போர்டில் உங்கள் ஊர்ப் பெயர் துல்லியமாக இருப்பதில்தான். 192.168.13.40க்குப் போகும் பாக்கெட்டுக்கு 192.168.0.0/16 என்று ஸ்டாட்டிக் வழியும், 192.168.13.0/24 என்று ஓஎஸ்பிஎப் வழியும் இருந்தால் /24தான் ஜெயிக்கும். ஒரே நெட்வொர்க், ஒரே மாஸ்க் (/24 போன்ற அளவு) இரண்டு இடத்திலிருந்து தெரியவந்தால் மட்டுமே டிஸ்டன்ஸ் பார்க்கப்படும். எதுவும் பொருந்தாதபோது 0.0.0.0/0 என்ற டீபால்ட் வழி. அதுவும் இல்லையென்றால் பாக்கெட்டைக் கைவிட்டுவிடும்.

7. இரண்டு ரவுட்டர் லேப்: போனது சரி, திரும்பி வந்ததா?

ஒரு ரவுட்டருக்குக் கடலூர், இன்னொன்றுக்குப் புதுச்சேரி என்று பெயர் வையுங்கள். கடலூர்ப் பக்க லேன் (உள் நெட்வொர்க்) 192.168.42.0/24, புதுச்சேரிப் பக்க லேன் 192.168.13.0/24. எஸ்டிடி எண்கள் 04142, 0413 என்பதை ஒட்டி வைத்தேன், மறக்காது. நடுவில் 10.0.0.0/30, கடலூர் 10.0.0.1, புதுச்சேரி 10.0.0.2. ஒவ்வொரு லேனிலும் ஒரு லேப்டாப்.

பழைய பாஸ்ட் ஈதர்நெட் பெட்டிகளை ஒன்றோடொன்று நேராக இணைக்க கிராஸ் கேபிள் வேண்டும், அல்லது நடுவில் ஒரு மலிவு ஸ்விட்ச் வையுங்கள். ரவுட்டரின் இன்டர்பேஸ்கள் அணைந்த நிலையில்தான் வரும், நோ ஷட்டவுன் மறக்கக் கூடாது. ஷோ ஐபி இன்டர்பேஸ் பிரீப் அடித்து இரண்டு பத்தியிலும் அப் என்று வந்த பிறகே மேலே போங்கள்.

இப்போது கடலூர் ரவுட்டரில் மட்டும், 192.168.13.0/24க்குப் போக 10.0.0.2 என்று ஒரு ஸ்டாட்டிக் வழி எழுதுங்கள். கடலூர் ரவுட்டரிலிருந்தே புதுச்சேரி லேப்டாப்புக்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) போடுங்கள். முதலில் ஒரு புள்ளி, அப்புறம் நான்கு ஆச்சரியக்குறி வரலாம். அந்த முதல் புள்ளி பழுதல்ல, ஏஆர்பி எதிராளியின் முகவரியைத் தேட எடுத்துக்கொண்ட நேரம். மறுபடி போட்டால் ஐந்தும் வரும்.

சரி, வேலை முடிந்தது என்று தோன்றும். கடலூர் லேப்டாப்பிலிருந்து அதே பிங்கைப் போடுங்கள். வராது! ரவுட்டரிலிருந்து போகிறது, லேப்டாப்பிலிருந்து போகவில்லை. புதியவர்கள் இங்கே லேப்டாப்பை மாற்றுவார்கள், கேபிளை மாற்றுவார்கள், கடைசியில் ரவுட்டரைச் சந்தேகிப்பார்கள்.

நடந்தது என்ன? ரவுட்டரிலிருந்து பிங் போடும்போது, வெளியே போகும் இன்டர்பேஸின் முகவரியான 10.0.0.1தான் அனுப்புநர் முகவரியாகப் போகிறது. 10.0.0.0/30 புதுச்சேரிக்கு நேரடியாகத் தெரிந்த நெட்வொர்க், பதில் உடனே திரும்பும். லேப்டாப்பிலிருந்து போனால் அனுப்புநர் 192.168.42.ஏதோ ஒன்று. பாக்கெட் புதுச்சேரி லேப்டாப் வரை ஒழுங்காகப் போய்ச் சேர்கிறது. பதிலைத் திருப்பி அனுப்பத்தான் புதுச்சேரி ரவுட்டரின் டேபிளில் 192.168.42.0க்கு வழி இல்லை. அங்கே 10.0.0.1 வழியாக ஒரு ஸ்டாட்டிக் எழுதுங்கள், இரண்டு பக்கமும் பேசும்.

ரவுட்டிங்கில் இதைவிட முக்கியமான பாடம் எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு ரவுட்டரும் தன் டேபிளை மட்டுமே பார்த்து முடிவெடுக்கிறது. போகும் வழி வேறு, வரும் வழி வேறு, இரண்டையும் தனித்தனியாகச் சரிபார்க்க வேண்டும். வேலைக்குப் போன பிறகு நான் பார்த்த இணைப்புப் புகார்களில் எத்தனையோ இந்த ஒரு வரியில் முடிந்திருக்கின்றன.

இரண்டு பக்கமும் வழி எழுதியும் வரவில்லையா? லேப்டாப்பின் டீபால்ட் கேட்வே (அந்தப் பக்க ரவுட்டரின் முகவரி) சரியா என்று பாருங்கள். அப்புறம் விண்டோஸ் பயர்வால். பிங்குக்குப் பதில் சொல்வதை அது தடுத்துக்கொண்டிருக்கும். சோதனைக்காக மட்டும் அனுமதியுங்கள்.

8. ஓஎஸ்பிஎப்

ஸ்டாட்டிக் வழிகளை நீக்கிவிட்டு இரண்டு ரவுட்டரிலும் ஓஎஸ்பிஎப் ஏரியா 0 போடுங்கள். நெட்வொர்க் வரியில் மாஸ்க் அல்ல, வைல்ட்கார்டு (மாஸ்கைத் தலைகீழாக்கியது) வரும்: /24க்கு 0.0.0.255, /30க்கு 0.0.0.3. ஷோ ஐபி ஓஎஸ்பிஎப் நெய்பர் அடித்தால் புல் (முழு இணைப்பு) என்று வர வேண்டும். டேபிளில் ஓ என்று தொடங்கும் வரியில் 110/2 தெரியும். ஒவ்வொரு பாஸ்ட் ஈதர்நெட் இணைப்பும் 1 என்று கணக்கு, நடு இணைப்பு ஒன்று, அந்தப் பக்க லேன் ஒன்று.

நடுவில் ஸ்விட்ச் வைத்திருந்தால் ஒரு சோதனை. புதுச்சேரிப் பக்கக் கேபிளை மட்டும் உருவுங்கள். கடலூர் ரவுட்டரின் போர்ட் இன்னும் அப்பில்தான் இருக்கும், ஸ்விட்ச் உயிரோடு இருக்கிறதல்லவா? 10 விநாடிக்கு ஒருமுறை அண்டை ரவுட்டரிடமிருந்து வரவேண்டிய ஹலோ என்ற செய்தி வராமல், 40 விநாடி காத்திருந்து பார்த்துவிட்டுத்தான் வழியை டேபிளிலிருந்து எடுக்கும். கையில் கடிகாரத்தோடு ஷோ ஐபி ரவுட்டைத் திரும்பத் திரும்ப அடித்துப் பாருங்கள்.

9. டேபிள் பெருத்தால் மெமரி போதுமா?

நம் லேபில் நான்கைந்து வரிதான், 128 எம்பி ராம் தாராளம். வேலையில் அப்படி இருக்காது. இணையம் முழுவதற்குமான ஐபிவி4 பிஜிபி டேபிள் 9 லட்சம் வழிகளைத் தாண்டிவிட்டது. 1841 மாதிரிப் பெட்டியால் அதைத் தாங்க முடியாது. பெரிய ரவுட்டர்களில் பாக்கெட்டை வேகமாக அனுப்ப டிகேம் என்ற தனி மெமரி உண்டு, அதற்கும் கொள்ளளவு இருக்கிறது. 2014 ஆகஸ்ட் 12 அன்று உலக டேபிள் 5,12,000 வழிகளைத் தாண்டியபோது, அந்த எல்லையோடு அமைக்கப்பட்டிருந்த பழைய சாதனங்கள் திணறிப் பல இடங்களில் இணையம் தடைப்பட்டது. கேபிளும் சரி, கான்பிகும் சரி, மெமரியில்தான் இடம் இல்லை. ஐஎஸ்பி (இணையச் சேவை நிறுவனம்) வேலைக்குப் போகிறவர்கள் ரவுட்டர் வாங்கும் பட்டியலில் ராம் அளவையும் வழிகளின் கொள்ளளவையும் முதலில் பார்ப்பது இதனால்தான்.

10. தேர்வு: பணம், ஆவணம், தேதி

நெட்வொர்க் வேலைக்கான சிஸ்கோ சான்றிதழ் சிசிஎன்ஏ. அதன் தேர்வு எண் 200-301. நேரம் 120 நிமிடம். ஐபி கனெக்டிவிட்டி என்ற ரவுட்டிங் பகுதிக்கு 25 சதவீதம், ஆறு பகுதிகளில் அதுதான் பெரியது. ரவுட்டிங் நெறிமுறைகளில் ஒற்றை ஏரியா ஓஎஸ்பிஎப்தான் பாடத்திட்டத்தில் இருக்கிறது. பழைய புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆர்ஐபி, ஈஐஜிஆர்பி என்று மாதக்கணக்கில் செலவழிக்காதீர்கள். தினமும் இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிந்தால் நான்கிலிருந்து ஆறு மாதம் நியாயமான காலம்.

கட்டணம் 300 டாலர், அதன் மேல் வரி. டாலர் 85 ரூபாய் என்று வைத்து 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்தால் 30,000 ரூபாயைத் தொடும். கட்டுவதற்கு முன் வங்கி ஆப்பில் கார்டின் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை இயக்கிவிடுங்கள். அது பெரும்பாலும் அணைந்தே இருக்கும்.

பெயரில்தான் நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஆதாரில் ஒரு மாதிரி, பான் கார்டில் அப்பா பெயரை விரித்து ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் இன்னொரு மாதிரி. தேர்வுக் கணக்கில் எப்படிப் பெயர் கொடுக்கிறீர்களோ அப்படியே அடையாள அட்டையிலும் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டை முன்னால் வைத்துக்கொண்டு, அதில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து பதியுங்கள். புகைப்படமும் கையெழுத்தும் உள்ள அசல் அட்டை வேண்டும். பாஸ்போர்ட்டோடு பான் கார்டையும் எடுத்துப் போங்கள், நகல் செல்லாது. பாஸ்போர்ட் இல்லாதவர்கள் படிக்கத் தொடங்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள், தேர்வுக்கு முன் கடைசி நேரத்தில் அலைய வேண்டாம்.

வீட்டிலிருந்தும் எழுதலாம், மையத்திலும் எழுதலாம். முன்பதிவுப் பக்கத்தில் உங்கள் பின்கோடு கொடுத்தால் பக்கத்தில் உள்ள மையங்கள் வரும். தூரமாக இருந்தாலும் மையமே நல்லது என்பேன். வீட்டில் எழுதும்போது அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது, மேசையில் ஒன்றும் இருக்கக் கூடாது, கரண்டும் இணையமும் இரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். அதிலும் வடகிழக்குப் பருவமழை மாதங்களில், குறிப்பாக நவம்பரில், வீட்டுத் தேர்வு வேண்டவே வேண்டாம். 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது நினைவிருக்கும். ஜனவரியிலிருந்து செப்டம்பருக்குள் தேதி வையுங்கள்.

தேதியை மாற்ற வேண்டுமானால் தேர்வு நேரத்துக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே மாற்ற வேண்டும், இல்லையென்றால் பணம் போய்விடும். ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பிப் போய்த் திருத்த முடியாது. தோற்றால் ஐந்து நாள் கழித்தே மறுபடி எழுதலாம், முழுக் கட்டணமும் மறுபடி கட்ட வேண்டும். தேறினால் சான்றிதழ் மூன்று ஆண்டு செல்லும்.